அறுபது நொடி

சாம்பியனின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் பார்க்கக் காயக்காரர் பதினோரு வருடம் காத்திருந்தார்.

ரத்தம் பார்ப்பது அவர் வேலையும்தான். குத்துச்சண்டையில் ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் ஒரு நிமிடம் ஓய்வு. அந்த அறுபது நொடிக்குள், மூலையில் வந்து உட்காருகிறவன் முகத்தில் கிழிந்ததை அடைக்க வேண்டும், வீங்கியதை அமுக்க வேண்டும். மருந்தில் நனைத்த பஞ்சுக்குச்சி, வாசலின் டப்பா, ஐஸில் போட்டு வைத்த சின்ன இரும்புக் கட்டி. இவ்வளவுதான் சாமான். ரத்தம் நிற்கவில்லையென்றால் டாக்டர் வந்து பார்த்துச் சண்டையை நிறுத்திவிடுவார். அடித்துக் கிழித்தவன் ஜெயித்ததாகும். அப்படிப் பட்டத்தைப் பறிகொடுத்தவர்கள் உண்டு.

அவர் கை பேர்போன கை. குத்துச்சண்டைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போட்டவர்.

ஆனால் சாம்பியனுக்குக் காயமே படவில்லை. சுத்தியல் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவர். முப்பத்தெட்டு சண்டை, தோல்வி கிடையாது. கையை முகத்துக்கு முன்னால் கதவு மாதிரி சாத்திக்கொள்வார். அதைத் தாண்டி வந்த அடிகள் குறைவு. வந்த அடியும் அந்தத் தோலைக் கிழித்ததில்லை.

"அண்ணே, பதினோரு வருஷமா உங்களுக்குத் தண்டச் சோறுதான்," என்பார் சாம்பியன். "என் மூஞ்சியில உங்களுக்கு ஒரு வேலையும் வைக்க மாட்டேங்கிறேன்."

"வைப்பீங்க, வைப்பீங்க. நான் எங்க போகப் போறேன்?" என்பார் காயக்காரர். அறையே சிரிக்கும்.

ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் அந்த முகத்துக்கு அவர்தான் வாசலின் பூசுவார். வழுவழுப்பு இருந்தால் அடி சறுக்கும், தோல் பிழைக்கும். நெற்றி, கன்ன எலும்பு, மூக்கு என்று தாராளமாகப் பூசுவார். இடது புருவத்தில் மட்டும் கொஞ்சம் குறைத்துப் பூசுவார். பதினோரு வருடம் அதை விடவில்லை.

காரணம் அவருடைய தம்பி.

தம்பியும் குத்துச்சண்டைக்காரன். இருபத்திரண்டு வயது. வாய்த்துடுக்கு. சுத்தியலோடு சண்டைக்கு எடை பார்த்த அன்று, தராசுக்குப் பக்கத்தில் நின்று பத்துப் பேர் காதுபடச் சொன்னான்: "இதையா சுத்தியல்ங்கிறீங்க? காலண்டர் மாட்ட ஆணி அடிக்கக்கூட ஆகாது போல இருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். சுத்தியலும் சிரித்தார்.

மறுநாள் நாலாவது ரவுண்டிலேயே தம்பியின் முட்டி மடங்கியது. அவன் விழுந்திருப்பான். விழுந்திருந்தால் பிழைத்திருப்பான். சுத்தியல் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு அவர் சொன்னது கேட்டது.

"எங்கடா போற? ஆணி இன்னும் உள்ள எறங்கலையே."

எட்டாவது ரவுண்டு வரை தாங்கிப் பிடித்து அடித்தார். அப்புறம் கையை எடுத்தார். தம்பி விழுந்தான்.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதனால் யாரும் நிறுத்தவில்லை. அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு அது. காயத்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். ரத்தம் ஓடினால் டாக்டர் ஓடி வருவார். ரத்தம் இல்லையென்றால் ஆள் நன்றாக இருப்பதாகக் கணக்கு.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அண்ணன் வேலை பார்த்த அதே வார்டு. ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் இருந்தது. மூளைக்குள் ரத்தம் கட்டியதன் அடையாளம். அவன் உயிர் போன அன்று வராந்தாவில் பத்திரிகைக்காரர்கள் நின்றார்கள். வெள்ளைச் சட்டையில் நின்ற அண்ணனை ஊழியர் என்று நினைத்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்," என்றார்கள். அவர் தள்ளி நின்றார்.

சுத்தியல் வரவில்லை. "விளையாட்டுன்னா நடக்கிறதுதான்," என்று பேட்டி கொடுத்தார். அடுத்த வருடம் சாம்பியன் ஆனார்.

அண்ணன் ஆஸ்பத்திரி வேலையை விட்டார். சின்னச் சின்னக் கூடங்களில், வளர்கிற பையன்களின் முகங்களில் கை பழகினார். மூன்றாவது வருடம் சாம்பியனின் பயிற்சியாளரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கை எப்படி என்று விசாரித்தார். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரிக்கவில்லை.

காயக்காரரின் திட்டம் எளிமையானது. என்றைக்காவது அந்தப் புருவம் கிழியும். அன்று பஞ்சுக்குச்சியைக் காயத்தில் வைக்காமல் ஒரு அரிசி அளவு தள்ளி வைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வேலை செய்கிற மாதிரி இருக்கும். ரத்தம் நிற்காது. டாக்டர் வருவார், சண்டை நிற்கும், பட்டம் போகும், தோல்வியே இல்லை என்ற பேர் போகும். பிறகு உடை மாற்றும் அறையில் குனிந்து, தான் யார் என்று காதில் சொல்ல வேண்டும்.

சொல்வதுதான் முக்கியம். தெரியாமல் படுகிற அடி அவருக்கு அடியே இல்லை.

முப்பத்தொன்பதாவது சண்டையில், ஏழாவது ரவுண்டில், புருவம் கிழிந்தது.

எதிராளி பத்து வயது இளையவன். நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவன் வலது கை கதவைத் தாண்டி உள்ளே வந்தது. இடது புருவம் பிளந்தது. மணி அடித்ததும் சாம்பியன் தன் மூலைக்கு வராமல் நடுவிலேயே நின்றார். மாஸ்டர் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து முக்காலியில் உட்கார வைத்தார்.

காயக்காரர் கயிற்றுக்குள் நுழைந்தார். இரண்டு குச்சி வாயில், ஒன்று கையில். வந்துட்டியா, என்று காயத்தைப் பார்த்து மனசுக்குள் கேட்டார். எவ்வளவு நேரம்டா காக்க வைப்ப.

"எந்த ரவுண்டு?" என்றார் சாம்பியன்.

"ஏழு முடிஞ்சது."

"மாஸ்டர் எங்க?"

மாஸ்டர் அவர் காலடியில் தண்ணீர்ப் பாட்டிலோடு குந்தியிருந்தார். "யோவ், உன் மூக்குக்கு நேராத்தான்யா இருக்கேன்," என்றார். தமாஷ் என்று நினைத்துவிட்டார்.

காயக்காரர் சிரிக்கவில்லை. ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணைப் பார்த்தார். ஒரு பாப்பா கொஞ்சம் பெரிது. இன்னொன்று கொஞ்சம் சிறிது. கொஞ்சம்தான். வார்டில் வேலை பார்த்தவனுக்கு மட்டும் தெரிகிற கொஞ்சம்.

குச்சி காயத்துக்குப் பக்கத்தில் நின்றது. நாற்பது நொடி மிச்சம்.

ரத்தம் ஓடினால் டாக்டர் நிறுத்துவார். நிறுத்தினால் இந்த ஆள் பட்டத்தை மட்டும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போவான். ஆறு தையல் போடுவார்கள். காலையில் எழுந்து பேப்பரில் தன் படத்தைப் பார்த்து வருத்தப்படுவான். ஒரு மாதத்தில் சரியாகிவிடும். பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு எண்பது வயது வரை இருப்பான்.

என் தம்பிக்கு யாரும் சண்டையை நிறுத்தவில்லை.

காயக்காரர் குச்சியைக் காயத்துக்குள் சரியாக வைத்தார். முழுப் பலத்தோடு அழுத்தினார். தன் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு காயத்தை அவர் அடைத்ததில்லை. மணி அடித்தபோது புருவம் காய்ந்திருந்தது.

சாம்பியன் எழுந்து போனார். அடி வாங்கினார்.

எட்டாவது முடிந்தது, அடைத்தார். ஒன்பதாவது முடிந்தது, அடைத்தார். டாக்டர் மேலே ஏறி வந்து புருவத்தைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தார். "பிரமாதம்," என்றார் காயக்காரரிடம். "தொடரலாம்." கண்ணுக்குள் அவர் பார்க்கவே இல்லை.

பத்தாவது முடிந்தபோது மாஸ்டரின் தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. அதை ரிங்குக்குள் வீசினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகும்.

"எனக்கு என்னமோ போலருக்கு," என்றார் மாஸ்டர் தாழ்ந்த குரலில். "கால் நிக்கல பாருங்க. போதும்னு விட்டுடலாமா?"

"ரத்தம் நின்னுடுச்சு மாஸ்டர்."

"ஆளு எப்படி?"

"ஆளுக்கென்ன? கல்லு மாதிரி இருக்காரு."

துண்டு தோளுக்குத் திரும்பியது.

சாம்பியன் காயக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பல்லுறைக்குப் பின்னாலிருந்து, "அண்ணே, உங்க கை ஜில்லுனு இருக்கு," என்றார்.

"அப்படியே இருங்க," என்றார் காயக்காரர். "அசையாதீங்க."

பதினொன்று. பன்னிரண்டு. கடைசி நிமிடத்தில் கயிற்றில் சாய்ந்தபடி, எங்கே என்று பார்க்காமலே சாம்பியன் ஒரு கையை வீசினார். அது நெட்டையின் தாடையில் விழுந்தது. நெட்டை மல்லாந்தான். பத்து எண்ணி முடிக்கும் வரை எழவில்லை.

மண்டபம் எழுந்து நின்று கத்தியது. சாம்பியன் ஏன் கத்துகிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

முதல் வரிசையிலிருந்து அவர் மனைவி ஓடி வந்தாள். கணவனைக் கட்டிக்கொள்ளும் முன் காயக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கையெல்லாம் ரத்தம். அவள் இமையிலும் ஒட்டியது.

"இந்தக் கைதான் அண்ணே ஜெயிச்சது. இந்தக் கைதான்."

அன்று உடை மாற்றும் அறையில் காயக்காரர் காதில் எதுவும் சொல்லவில்லை. அங்கே சொல்வதற்குக் காது இல்லை. சாம்பியன் பெஞ்சில் உட்கார்ந்து, சண்டை எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் ரிங் ஏறவில்லை. அந்தக் கடைசி அடியை வருடா வருடம் டிவியில் போட்டார்கள். பள்ளிப் பாடத்தில் வந்தார். விடாமுயற்சிக்கு உதாரணம் வேண்டுமென்றால் அந்தப் பிளந்த புருவத்தின் படம்தான். வீட்டுக்குள்ளே முதலில் சாவியைத் தொலைத்தார். பிறகு தெருவை. பிறகு மனைவியின் பேரை. தன் பேரைச் சொன்னால், நல்ல பேராக இருக்கிறதே, யார் அது என்பார்.

ஒன்பதாவது வருடம் மனைவி காயக்காரருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, யாரையுமே கிட்ட விடமாட்டேங்கிறார். ஷேவ் பண்ணக்கூட முடியல. உங்க கை அவருக்குப் பழகின கை. ஒரு தடவை வந்து பாருங்களேன்."

வியாழக்கிழமை போனார். மாடியறை. ஜன்னல் ஓரம் நாற்காலி. சாம்பியன் மெலிந்திருந்தார், கை மட்டும் மெலியவில்லை. காயக்காரர் புருவத்தில் கட்டைவிரலை வைத்ததும் சாம்பியன் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூலையில் உட்காருகிற அதே உட்காரல். மனைவி கதவருகே நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு கீழே போனாள்.

காயக்காரர் சோப்புப் போட்டு மழித்தார். ரேசரைத் துடைத்து வைத்தார். முக்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார். இருபது வருடத்துக்கும் மேலாகத் தொண்டையில் கிடந்ததை எடுத்துச் சொன்னார். தராசு, ஆணி, அக்குளில் கொடுத்த கை, ஆறு நாள், ஏழாவது ரவுண்டு, கண் பாப்பா, தான் வைத்த குச்சி. ஒன்றையும் விடவில்லை.

சாம்பியன் கவனமாகக் கேட்டார். நல்ல கதை கேட்கிறவரின் முகம்.

"அந்தப் பையன் உங்க தம்பியா?"

"என் தம்பி."

"ஜெயிச்சானா?"

காயக்காரர் எழுந்தார். சாமானை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். தெருமுனை வரை போனபோதுதான் ரேசரைக் கையில் பிடித்தபடியே நடக்கிறோம் என்று தெரிந்தது. கல்லில் எழுதியிருந்தால் நின்றிருக்கும். தண்ணீரில் எழுதியதை என்ன செய்வது. அந்த மண்டையைத் தண்ணீராக்கியவரும் அவரேதான்.

அடுத்த வியாழன் திரும்பப் போனார். அந்த ஒரு வாரத்தில் ஒன்று யோசித்திருந்தார்.

"என் தம்பியைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதே அண்ணே."

"உங்ககூடச் சண்டை போட்டவன்."

"ஜெயிச்சானா?"

"ஜெயிச்சான்," என்றார் காயக்காரர். "உங்களை எட்டாவது ரவுண்டுல விழ வச்சான்."

சாம்பியனின் விரல்கள் மெல்ல மடங்கின. "நான் எந்திரிச்சிருப்பேனே."

"எந்திரிக்கல."

"பத்தும் எண்ணினாங்களா?"

"பத்தும்."

சாம்பியன் ஜன்னலைப் பார்த்தார். கன்னத்தில் ஒரு கோடாகத் தண்ணீர் இறங்கியது. காயக்காரர் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்கு நடந்தே போனார். வெகு நாளைக்கப்புறம் பசித்தது. இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

வாரா வாரம் போனார். மழித்துவிட்டு அதே சண்டையைச் சொன்னார். மற்றதெல்லாம் ஒழுகிப் போகிற அந்த மண்டையில் இது மட்டும் மெதுவாகத் தங்கியது. மூன்று மாதத்தில், அவர் தொடங்கும் முன்பே சாம்பியன் தொடங்கினார்.

"எட்டாவது ரவுண்டு. வயித்துல ஒன்னு விட்டான் பாருங்க."

"விட்டான்."

"பொடிப் பையன். என்ன வாய் அவனுக்கு."

"ஆமா," என்றார் காயக்காரர். "நல்ல வாய்."

வெளியே சுத்தியல் தோற்காதவர். இந்த அறையில், இந்த மண்டைக்குள், தம்பி ஜெயித்துவிட்டான். ஜெயித்தவன் எதற்குச் சாக வேண்டும்? அங்கே அவன் உயிரோடுகூட இருந்தான். காயக்காரருக்கு அது போதும் என்று தோன்றியது. இன்னும் வேண்டும் என்றும் தோன்றியது.

அந்த வருடம் புதிதாகக் கட்டிய விளையாட்டு மண்டபத்துக்குச் சாம்பியன் பேரை வைத்தார்கள். திறப்பு விழா காலை பத்து மணிக்கு. மேடையில் சாம்பியனையும் மனைவியையும் உட்கார வைத்தார்கள். அதே மேடையின் பின்வரிசையில் காயக்காரருக்கும் ஒரு நாற்காலி. பேச்செல்லாம் முடிந்து, டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு குனிந்தாள்.

"சார், உங்க வாழ்க்கையிலேயே கஷ்டமான சண்டை எது? நெட்டையோட போட்ட அந்தச் சண்டைதானே?"

"நெட்டை யாரு?" என்றார் சாம்பியன். "ஒரு பொடிப் பையன். எட்டாவது ரவுண்டு. என்னை விழ வச்சான். நான் எந்திரிக்கல."

மண்டபம் அமைதியானது. காயக்காரர் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இருபத்து நாலு வருடத்தில் முதல் முறையாக, ஒலிபெருக்கியில், அவன்.

பிறகு யாரோ கை தட்டினார்கள். மண்டபம் முழுக்கத் தட்டியது.

"என்ன ஒரு அடக்கம்," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தோத்ததே இல்ல. எப்படிச் சொல்றாரு பாருங்க. அதான் சார் பெரிய மனுஷன்."

காயக்காரருக்குக் காது அடைத்தது. இதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

கை தட்டாமல் இருந்தது சாம்பியனின் மனைவி ஒருத்திதான். முன்வரிசையிலிருந்து அவள் திரும்பிக் காயக்காரரையே பார்த்தாள்.

வாகனங்கள் நிற்கும் இடத்தில், கணவனைக் காரின் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, நாலு எட்டு தள்ளி அவரிடம் வந்தாள்.

"எந்தப் பையன் அண்ணே?"

அவர் சொன்னார். மறக்காத ஒரு காது கிடைத்துவிட்டது. வெயிலில் நின்று முழுதும் சொன்னார். ஏழாவது ரவுண்டுக்கு வந்தபோது அவள் தன் இமையைத் தொட்டாள், தொட்டது தெரியாமல்.

"அப்ப நிறுத்தியிருந்தா?"

"நல்லா இருந்திருப்பார்."

"நான் உன் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

இத்தனை வருடத்தில் அவள் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் முறை.

"சொல்லுங்க எல்லார்கிட்டயும்," என்றார் காயக்காரர். "போலீஸ்ல சொல்லுங்க. டிவியில சொல்லுங்க. அதுக்குத்தான் நான் நிக்கிறேன்."

அவள் அழவில்லை. கத்தவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் ஏதோ விலாசம் விசாரிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"மாட்டேன்," என்றாள். "ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். அந்தச் சண்டை அவரோட தைரியத்துல ஜெயிச்சது. அப்படித்தான் எழுதியிருக்கு. அப்படியே இருக்கட்டும். நீ போய்ச் சொல்லு. மருந்து மோந்து மோந்து கிழவனுக்குப் பித்துப் பிடிச்சிருச்சும்பாங்க."

"அவருக்குத் தெரியும்," என்றார் காயக்காரர். "அவர் வாயாலயே சொன்னாரு. கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். எத்தனை மாசம் ஆச்சு உனக்கு, அதைச் சொல்லிக் குடுக்க?"

அவர் காரைப் பார்த்தார்.

"உனக்கு வாரத்துல ஒரு நாள் இருந்துச்சு," என்றாள். "எனக்கு ஏழு நாள் இருக்கு."

திரும்பிப் போனாள். காருக்குள் ஏறி, கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

"அந்தப் பையன் வந்திருந்தானா?" என்று சாம்பியன் கேட்பது காயக்காரருக்குக் கேட்டது.

"எந்தப் பையன்?"

"எட்டாவது ரவுண்டு. பொடியன். நல்லா வாய் பேசுவானே."

"அப்படி யாரும் இல்லங்க."

"இல்லையா?"

"இல்ல. எல்லாச் சண்டையும் நீங்கதான் ஜெயிச்சீங்க."

"நானா?"

"நீங்கதான்."

சாம்பியன் வெளியே தலையைத் திருப்பினார். வியாழக்கிழமைகளில் செய்கிற மாதிரி, சரிதானா என்று கேட்கிற முகத்தோடு காயக்காரரைப் பார்த்தார். காயக்காரர் வாயைத் திறந்துகொண்டு காரை நோக்கி ஓடினார்.

அவள் கண்ணாடியை ஏற்றினாள்.